கல்லீரல் சோதனையும் முன்னேற்பாடும்

மனித உடலின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்தவர் ஒருவருக்கு அதன் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. பித்தநீரைச் சுரப்பது, சர்க்கரையைச் சேமிப்பது, நஞ்சுப் பொருள்களை மாற்றி வெளியேற்றுவது எனப் பல பணிகளை அது செய்கிறது. அதன் நலத்தை அறியச் சிறிதளவு இரத்தமே போதும். ஆனால் அந்த இரத்தம் சரியான விடை தர வேண்டுமானால், சோதனைக்குச் செல்பவர் சில முன்னேற்பாடுகளைச் செய்ய வேண்டும். சில உண்மைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இது ஒரே சோதனை அன்று. பல அளவுகளின் தொகுப்பு. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து மடிகின்றன. அவற்றின் ஹீமோகுளோபின் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதனைப் பித்தநீரில் சேர்த்து வெளியேற்றுகிறது. இப்பணி தடைப்பட்டால் கண்கள் மஞ்சளாகின்றன. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்பவை நொதிகள். கல்லீரல் செல்கள் பழுதடையும்போது இவை இரத்தத்தில் கசிகின்றன. 1955-ஆம் ஆண்டில் ஆர்தர் கார்மென் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் மனித இரத்தத்தில் இவற்றை அளந்து காட்டினர். ஆல்கலைன் பாஸ்படேஸ், அல்புமின் ஆகியவையும் உடன் அளக்கப்படுகின்றன.

முதலில் உணவு. கல்லீரல் சோதனைக்கு மட்டும் எப்போதும் பட்டினி தேவையில்லை. சர்க்கரை, கொழுப்புச் சோதனைகளும் சேர்ந்திருந்தால் 8 முதல் 12 மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்வர். அப்போதும் தண்ணீர் குடிக்கலாம். சொன்னதற்கு மேல் பட்டினி கிடப்பது நல்லதன்று. சிலருக்கு நீண்ட பட்டினியாலேயே பிலிருபின் கூடும்.

இரண்டாவது மருந்து. காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். காசநோய் மருந்துகளும் வலிப்பு மருந்துகளும் சிலருக்கு நொதிகளை உயர்த்தும். அதற்காக, சோதனை இருக்கிறதென்று மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. உண்ணும் மருந்துகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொண்டு போவதே முறை.

நாட்டு மருந்தையும் சொல்ல வேண்டும். நம் வயல் வரப்புகளில் வளரும் கீழாநெல்லியைக் காமாலைக்கு அரைத்துக் குடிப்பது வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து, கல்லீரல் அழற்சி பி கிருமியைச் சுமப்பவர்களிடம் இதனை ஆராய்ந்து 1988-இல் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டனர். பிற்கால ஆய்வுகள் பல அம்முடிவை உறுதி செய்யவில்லை. எனவே அதனைக் குடித்தவர் கூச்சமின்றிச் சொல்வது நல்லது. மதுவும் அவ்வாறே. குறைந்தது முந்தைய நாளாவது குடிக்காதிருக்க வேண்டும்; குடிக்கும் பழக்கம் உண்டென்றால் அதையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மூன்றாவது உழைப்பு. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டுமன்றித் தசையிலும் உண்டு. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் மார்க்கையன்கோட்டை வயல்களில் அறுவடைக் காலத்தில் நாள் முழுதும் நெல் மூட்டை சுமந்தவர், மறுநாள் காலையில் இரத்தம் கொடுத்தால், கல்லீரல் நலமாக இருந்தும் அளவு கூடித் தெரியலாம். பழக்கமில்லாத கடும் உழைப்பின் விளைவு ஒரு வாரம் வரை கூட நீடிக்கும். சில நாட்கள் சுமை தூக்காதிருந்து சோதிப்பது நன்று. அன்றாடக் கூலியை விட முடியாதவர், தாம் செய்த வேலையையாவது மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் இல்லாத நோய்க்கு அஞ்சிக் கடன் வாங்கி அலைய நேரிடும்.

நான்காவது, எடுத்த இரத்தத்தைக் காப்பது. பிலிருபின் ஒளியில் சிதையும். மஞ்சள் பூத்த பச்சிளங் குழந்தைகளை ஒளியில் வைத்துக் குணப்படுத்தும் முறை இத்தன்மையைக் கொண்டே 1958-இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. குழந்தைக்கு நன்மையான இதுவே சோதனைக்கு இடையூறு. ஊரில் எடுத்த இரத்தத்தை வெயில் படும்படி சின்னமனூருக்குக் கொண்டு சென்றால், உள்ளதைவிடக் குறைவான அளவே கிடைக்கும். குழாயை நிழலில் மூடி, காலந்தாழ்த்தாமல் சேர்க்க வேண்டும்.

கண் மஞ்சளாகி மயக்கமோ, தடுமாற்றமோ, இரத்த வாந்தியோ கண்டவருக்கு இம்முன்னேற்பாடுகள் எவையும் வேண்டா. அவரை உடனே க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும்.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். சோதனைச் சீட்டு வந்ததும் வீட்டார் அதை நம் கையில்தான் கொடுப்பர். அளவு சற்றுக் கூடியிருந்தால் நோயென்று நாம் முடிவு கூறலாகாது. குறைந்திருந்தால் நலமென்றும் கூறலாகாது. முதல் நாள் என்ன உண்டார், என்ன மருந்து குடித்தார், என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதி, அதனைச் சீட்டுடன் மருத்துவரிடம் கொடுப்போம். நாம் கற்கும் அறிவியல் நம் வீட்டிற்குச் செய்யக்கூடிய உதவி இது.