அவளிடம் யார் கேட்டது?

மாத்தளை மாவட்டத்தில் காணி இழந்து இடம்பெயர்ந்த எமக்கு விசாரணை மேசை புதிதல்ல. அங்கே காது கேளாத தங்கையிடம் கேட்கப்படும் கேள்விக்கு அண்ணன் முந்திக்கொண்டு, "அவளுக்குச் சம்மதம்தான்" என்கிறான். அவளிடம் யார் கேட்டது?

இங்கேதான் சைகை மொழி உரைபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். எமது இளைஞர் ஒருவர் இப்பணியைக் கற்க விரும்பினால் நாம் சொல்லக்கூடியவை:

1. சைகைகளை மனனம் செய்தால் மட்டும் போதாது. இம்மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. முகபாவமும் அதில் அடங்கும். காது கேளாதோருடன் பழகியே கற்க வேண்டும். 1912இல் தொடங்கப்பட்ட இரத்மலானைப் பாடசாலையில் படித்தவரின் சைகையும் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவரின் சைகையும் சில இடங்களில் வேறுபடலாம்.

2. எமது மாவட்டத்தில் அதிகாரி பெரும்பாலும் சிங்களத்தில் கேட்பார். ஆகவே தமிழ், சிங்களம், சைகை மூன்றும் வேண்டும்.

3. சொன்னதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அவள் "எனக்குச் சம்மதமில்லை" என்றால், நாமும் "எனக்குச் சம்மதமில்லை" என்றே சொல்ல வேண்டும். விளங்காவிட்டால் நிறுத்திக் கேட்கலாம், ஊகித்துச் சொல்லலாகாது.

4. அங்கே அறிந்ததை வெளியே பேசக்கூடாது.

இது தயவல்ல, உரிமை. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, தொழில்முறைச் சைகை மொழி உரைபெயர்ப்பாளர்களைக் குறிப்பிடுகின்றது.

கலந்துரையாடுவோம்: எமது ஊரில் காது கேளாதோர் எத்தனை பேர்? சென்ற கூட்டத்தில் அவர்களுக்காகப் பேசியவர் யார்? அவர்களிடம் முதலில் கேட்டாரா?