விருந்து, பந்தி, மேசை: உணவகத்தில் கூடி உண்ணல் குறித்த ஒரு மறுநோக்கு

தமிழர் விருந்தோம்பல் பற்றி எழுதப்பெறும் ஆய்வுக் கட்டுரைகள் பலவும் ஒரே வகையான முடிவை அடைகின்றன. சங்கப் பாடல்களும் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமும் எடுத்துக்காட்டப்பெற்ற பின், குடும்பத்தினரும் நண்பர்களும் உணவகங்களை நாடிச் செல்வதால் அம்மரபு அருகிவிட்டது என்னும் வருத்தம் இறுதிப் பத்தியில் இடம்பெறும். இக்கட்டுரையாளரும் தம் தொடக்கக் கால எழுத்துகளில் அவ்வாறு முடித்ததுண்டு. அம்முடிவு சான்றுகளின் வழி எய்தப்பட்டதா, வழக்கத்தின் வழி வந்ததா என்பது இங்கு ஆராயப்படுகிறது. உணவகம் இடம்பெயர்த்தது சங்க இலக்கியம் பேசும் விருந்தை அன்று. அதற்கு மிகப் பிந்திய பந்தி முறையையே ஆகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

விருந்தினர் யார்?

'விருந்து' என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றாகிய விருந்து, புதிதாகப் பாடப்பெறும் யாப்பைக் குறிப்பது. இப்பொருளிலிருந்தே புதிதாக வந்தவர், அவருக்கு இடப்படும் உணவு என்னும் பொருள்கள் கிளைத்தன. இன்று 'திருமண விருந்து', 'மறுவீட்டு விருந்து' என வழங்கும்போது அச்சொல் பெரும்பாலும் உறவினர் கூடும் உணவையே சுட்டுகிறது. ஏறத்தாழ எதிர்ப்பக்கத்திற்கு நகர்ந்துவிட்ட இப்பொருளை மனத்தில் கொண்டு பழம்பாடல்களைப் படிப்பதே குழப்பத்தின் தொடக்கம்.

திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் இதனைத் தெளிவாக்குகிறது. இல்வாழ்வான் பேணவேண்டிய ஐந்து இடங்களை அடுக்கும் 43ஆம் குறளில் சுற்றத்தாரைக் குறிக்கும் 'ஒக்கல்' தனியே நிற்கிறது. 'விருந்து' தனியே நிற்கிறது. சுற்றமும் விருந்தும் ஒன்றாயின் இரண்டாக எண்ணவேண்டியதில்லை. பரிமேலழகர் விருந்தினரை முன்பே அறிமுகம் உடையவர், அஃது இல்லாதவர் என இருவகைப்படுத்துவது உண்மையே. ஆயினும் அறிமுகம் உடையவரும் இல்லத்திற்குப் புறத்திருந்து வருபவரே. இல்லத்தின் உறுப்பினர் அல்லர்.

சங்க அகப்பாடல்களில் இப்புறத்தன்மை இன்னும் கூர்மை பெறுகிறது. நன்னாகையாரின் குறுந்தொகைப் பாடலில் (118) மாலைப்பொழுதில் வாயிற்கதவை அடைக்கும்முன், உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரா என்று கேட்கும் வழக்கம் பதிவாகியுள்ளது. தலைவியின் துயரம் அவ்வினாவுக்குப் பின்னும் தலைவன் வாராமையில் இருக்கிறது. அத்துயரை உணர்த்தப் புலவர் பின்புலமாக எடுத்துக்கொண்ட வழக்கமோ, எவர் வருவார் என்று அறியாத நிலையில் கதவைத் திறந்துவைப்பதாகும். நற்றிணை 142இல் இரவுப்பொழுதில் விருந்தினர் வரினும் மகிழ்பவளாகத் தலைவி பாராட்டப்படுகிறாள். வருகை முன்கூட்டி அறிவிக்கப்படாதது என்பதே அப்பாராட்டின் அடிப்படை.

இதனோடு ஒப்பிட்டால், விடுமுறை நாளன்று ஒரு குடும்பம் கூடிப் பேசி, இடத்தைத் தேர்ந்து, ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வது வேறொரு செயல் என்பது விளங்கும். அங்கு அமர்பவர் 'ஒக்கல்'. வள்ளுவர் பட்டியலின் வேறோர் இடத்திற்கு உரியவர். உணவகம் இல்லாதிருப்பின் அக்குடும்பம் அன்று தன் வீட்டில் உண்டிருக்கும். வழிப்போக்கர் ஒருவரை அழைத்து உண்பித்திருக்கும் என்று கொள்ளச் சான்றில்லை.

விலைக்கு உணவு விற்பதும் தமிழ்ச் சூழலுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்க வருணனையிலும் மதுரைக்காஞ்சியின் இரவுநேர அங்காடிக் காட்சியிலும் அப்பம் முதலியன செய்து விற்கும் கூவியர் உள்ளனர். பட்டினப்பாலையில் சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறெனப் பெருகும் அட்டிற்சாலை அறச்சாலை. கூவியரின் கடை விலைக்கடை. ஒரே நகரில் இரண்டும் இருந்துள்ளன. ஒன்று மற்றொன்றை அழித்ததாக எந்தப் புலவரும் கருதவில்லை.

அட்டில் புகையும் உண்ணாத தலைவியும்

விருந்தோம்பலைப் போற்றும் பாடல்களை, யார் உண்டனர் என்னும் வினாவோடு மீண்டும் படிப்பது பயனுடையது. மாங்குடி கிழாரின் நற்றிணைப் பாடலில் (120) வாழையிலையை வகைப்படுத்தி, புகையால் கண் கலங்கி, நெற்றி வியர்வையைச் சேலை நுனியால் துடைத்தவாறு சமைக்கும் தலைவி காட்டப்படுகிறாள். ஊடியிருக்கும் அவளது சினம் தணியும் பொருட்டே, விருந்தினர் வரவேண்டும் என்று தலைவன் விரும்புகிறான். ஊடல் தீர்க்கும் வாயில்களுள் விருந்தினரையும் ஒருவராகத் தொல்காப்பியம் எண்ணுவது இதற்கு இலக்கணம். விருந்தினர்முன் சினத்தைக் காட்டல் ஆகாது என்னும் ஒழுங்கு தலைவனுக்கு உதவுகிறது. பாடல் அழகியது, ஐயமில்லை. ஆனால் அவ்வழகு, புகையில் நிற்பவள் தன் வழக்கைப் பேசமுடியாத நிலையின்மேல் எழுப்பப்பட்டுள்ளது.

கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாடலில் (167) புதுமனைவி தயிர்க்குழம்பு சமைத்துப் படைக்கிறாள். கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. அவள் உண்டது பாடலில் இல்லை. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் கண்ணகி இளவாழைக் குருத்தை விரித்துக் கோவலனுக்கு அமுது படைக்கிறாள். அக்காதையிலேயே, கோவலனைப் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றைத் தான் இழந்ததாகவும் கூறுகிறாள். கணவனோடு வாழாத பெண்ணுக்கு விருந்தோம்பும் தகுதி இல்லை என்னும் சமூக விதி இங்கு அவள் வாயாலேயே வெளிப்படுகிறது. மாநாய்கன் மகளுக்குப் பொருள் இல்லாமையன்று. உரிமை இல்லாமையே தடை.

மணிமேகலை இவ்விதியை உடைத்து வெளியேறும் காப்பியம் எனலாம். மணவாழ்க்கைக்கு உட்படாத இளம்பெண் ஒருத்தி அமுதசுரபியை ஏந்தி, உலக அறவி என்னும் பொதுவிடத்தில் நின்று, குலம் கேளாது ஊட்டுகிறாள். முதற்பிச்சையை ஆதிரை என்னும் கற்புடை மனைவியிடமிருந்து பெறச் செய்து சாத்தனார் பழைய விதிக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டே அப்பால் நகர்கிறார். இல்லத்திற்கு வெளியே உணவு பகிரப்படும்போது பெண்ணின் நிலை மாறக்கூடும் என்பதற்குத் தமிழில் கிடைக்கும் தொன்மையான விரிவான சான்று இதுவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

பிற்கால வீட்டுப் பந்தியில் ஆண்களும் வந்தவர்களும் முதலில் உண்பர். சமைத்தவரும் பரிமாறியவரும் கடைசிப் பந்தியில், எஞ்சியதை உண்பர். உணவகத்தின் மேசை இந்த வரிசையைக் கலைக்கிறது. தாய் அல்லது மனைவி பிறரோடு ஒரே நேரத்தில், சூட்டோடு உண்கிறார். தமக்கு வேண்டியதைத் தாமே சொல்லுகிறார். வீட்டு மரபில் அவர் விருப்பத்தை எவரும் கேட்டதில்லை என்பதால், முதலில் அவர் பிறர் சொன்னதையே தமக்கும் சொல்லுவதைப் பல குடும்பங்களில் காணலாம். இச்சிறு தயக்கம் ஆய்வுக்குரியது. விருந்தோம்பல் அருகிவிட்டதென வருந்தும் கட்டுரைகள் இந்தப் பெண்ணின் நோக்கிலிருந்து எழுதப்பட்டவை அல்ல.

பந்தி பிளந்த வரலாறு

'பந்தி' வடமொழிச் சொல்லின் வழிவந்தது. வரிசை என்பது பொருள். வரிசையில் யார் யாருக்கு அருகில் அமரலாம் என்பதைச் சாதி வரையறுத்தது. ஆகவே பந்தி என்பது கூடி உண்ணும் முறை மட்டுமன்று. கூடாது விலக்கும் முறையுமாகும். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பன மாணவர் சிலருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது 1925இல் பெரும் அரசியல் பூசலாக மூண்டது. ஒரு விடுதிச் சாப்பாட்டறையின் இருக்கை முறை, தமிழகத்து அரசியலின் போக்கையே மாற்றும் காரணங்களுள் ஒன்றாயிற்று. வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் சாதி வேறுபாடின்றி அனைவருக்கும் உணவளிக்கும் நெறி நிலவியதை இதனோடு வைத்துப் பார்க்கும்போது, இரு முறைகளும் ஒரே காலப்பகுதியில் அருகருகே இயங்கின என்பது தெரியவரும்.

விலைக்கு உணவு விற்கும் இடங்களும் தொடக்கத்தில் பந்தியின் விதியையே பின்பற்றின. காப்பி கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும் 'பிராமணாள்' என்னும் பெயர்ப்பலகையைத் தாங்கின. பார்ப்பனர் அல்லாதாருக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் உள்ளேயே அனுமதிக்கப்படவில்லை. இரயில் நிலைய உணவுச்சாலைகளில் இருந்த பிரிவினை 1941இல் நீங்கியது. ஓட்டல்களில் நுழைவதற்குச் சாதி தடையாகக் கூடாதென அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு கூறிய பின்னரும் பெயர்ப்பலகைகள் நிலைத்தன. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் முன் பெரியார் தொடங்கிய மறியல் அப்பெயரை நீக்கவே நிகழ்ந்தது. நாள்தோறும் தொண்டர்கள் சிறை சென்றனர்.

இன்று எவரும் எந்த மேசையிலும் அமரலாம் என்பது வணிகத்தின் இயல்பான கொடை அன்று. 'பணம் சாதியை அழித்தது' என்னும் எளிய விளக்கத்தைச் சான்றுகள் ஏற்பதில்லை. பணம் கொடுத்தவரையும் பிரித்து உட்காரவைத்த வரலாறு நம் கண்முன் உள்ளது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை, பணம் வாங்கிக்கொண்டே தீண்டாமையைக் காக்கமுடியும் என்பதற்குச் சான்று. போராட்டமும் சட்டமும் மேசையைப் பொதுவாக்கின. நண்பர்கள், ஒருவர் சாதியை மற்றவர் அறியாமலோ பொருட்படுத்தாமலோ, ஒன்றாக அமர்ந்து உண்பது அப்பொதுமையின் விளைவு. அந்நண்பர்களுள் ஒருவர் மற்றவர் வீட்டு அடுக்களைவரை செல்லமுடியுமா என்பது வேறு வினா. பல இடங்களில் முடிவதில்லை. உணவகத்தில் நட்பு எளிதாவதற்கு, அங்கு அடுக்களை எவர்க்கும் சொந்தமில்லை என்பதும் ஒரு காரணம்.

மேசையின் புதிய வழக்குகள்

'பரிமாறுதல்' என்னும் சொல் உணவு இடுதலையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலையும் ஒருங்கே குறிக்கும். பந்தியில் முதற்பொருளே இயங்கியது; இடுபவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர். உணவக மேசையில் இரண்டாம் பொருளும் உயிர்பெறுகிறது. ஒருவர் வரவழைத்த பரோட்டாவை மற்றவர் பிட்டுக்கொள்கிறார். காப்பியும் சூப்பும் 'ஒன் பை டூ' எனப் பகுக்கப்படுகின்றன. எச்சில் பற்றிய கடுமையான விலக்கு நிலவிய பண்பாட்டில், ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துண்பது சிறிய மாற்றமன்று. குடும்பத்துள் தாயும் சேயும், கணவனும் மனைவியும் என்னும் எல்லைக்குள் இருந்த உரிமை நட்புக்கும் நீட்டிக்கப்படுகிறது.

'டிரீட்' என இளைஞர் வழங்கும் சொல்லும் கருதத்தக்கது. முதல் ஊதியம், தேர்ச்சி, பிறந்தநாள் போன்ற நற்பேறு வாய்த்தவர் நண்பர்க்கு உணவளிக்கக் கடமைப்பட்டவர் என்பது அதன் உட்கிடை. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், உறவினர்க்கும் பிறர்க்கும் தன்னைக் கேளாமலே கொடுக்குமாறு மனைவியிடம் கூறும் புறநானூற்றுப் பாடலை (163) இது நினைவூட்டுகிறது. வந்த பேற்றைத் தனக்கெனச் சேர்த்துவைத்தல் இழிவு என்னும் உணர்வு இரண்டிற்கும் பொது. வேறுபாடும் உண்டு. பெருஞ்சித்திரனாரின் கொடை, கேட்பவர் எவராயினும் செல்லும். டிரீட் அழைக்கப்பட்டவரோடு நின்றுவிடும்.

பணம் கலந்ததனால் மேசைப் பகிர்வு விருந்தாகாது என்பாரும் உளர். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி மாதத்தை ஒட்டி நடைபெறும் மொய் விருந்தில், இலைக்கு முன்னரோ பின்னரோ மொய் எழுதப்பட்டுக் கணக்கு வைக்கப்படுகிறது. அத்தொகை பின்னர்த் திருப்பிச் செய்யவேண்டிய கடன். அதனை விருந்தென்றே ஊர் அழைக்கிறது. உணவகத்தில் பில் தொகைக்காக இருவர் கைநீட்டிப் போட்டியிடுவதும், தோற்றவர் 'அடுத்த முறை என்னுடையது' என்பதும் கணக்கேட்டில் எழுதப்படாத மொய்தான்.

உண்மையான இழப்பு ஒன்று உண்டு. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி அமிழ்தமே கிடைப்பினும் தனித்து உண்ணாதவரைப் போற்றியதும் (புறம். 182) வள்ளுவர் விருந்தினர் புறத்தே இருக்கத் தான் உண்ணலை விலக்கியதும் வெளியே நிற்பவரை முன்னிறுத்தியே. உணவகம் மூடும் வேளையில் 'வேறு ஏதேனும் வேண்டுமா' என்னும் வினா உள்ளே அமர்ந்திருப்பவரிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. அழைப்பு மணியும் முன்னறிவிப்பும் இன்றி எவரும் வாராத இன்றைய வீட்டிலும் அவ்வினா வெளியே நோக்கிக் கேட்கப்படுவதில்லை. முன்பின் அறியாதவர்க்கு உணவிடல் இப்போது கோயில் அன்னதானத்திலும் வடலூர் போன்ற தருமச்சாலைகளிலும் தங்கியுள்ளது. வீட்டிலிருந்து நிறுவனத்திற்கு அது நகர்ந்ததன் வரலாற்றைச் சத்திரங்களின் ஆவணங்கள், கோயில் கல்வெட்டுகளில் பதிவான உணவு அறக்கட்டளைகள் ஆகியவற்றின் வழியே தேடவேண்டும். உணவகத்தின் வாயிலில் அதற்கு விடை கிடைக்காது. அத்தேடலில், சத்திரத்து உணவும் சாதிவாரியாகப் பகுக்கப்பட்டதா, எவ்வெவ்விடங்களில், எந்நாள்வரை என்பனவற்றை முதலில் வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும்.