பிரேக் பெடல் பஞ்சாய் அமுங்குவது ஏன்?



விரைந்து ஓடும் வண்டியைக் காட்டிலும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் வண்டியே நல்ல வண்டி. பழைய கார் வாங்கச் செல்லும் குடும்பத்தார் பெயிண்டைப் பார்க்கிறார்கள்; இருக்கைகளைப் பார்க்கிறார்கள்; லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறார்கள். பிரேக்கைப் பற்றி மட்டும் “பிடிக்கிறதா?” என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அது எப்படிப் பிடிக்கிறது என்பதையும் அறிய வேண்டும். பிரேக் பெடல் காலுக்கடியில் சிறிது தூரம் இறங்கியதும் உறுதியாக நிற்க வேண்டும். அவ்வாறின்றி இலவம்பஞ்சுத் தலையணையில் கால் வைத்தாற்போல் அமுங்குமானால், அது ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையின் பொருளை நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

பாஸ்கல் விதியும் பிரேக்கும்

பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623–1662) கண்ட விதியை அறிவீர்கள். மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். காரின் பிரேக் இவ்விதிப்படியே இயங்குகிறது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் நகர்ந்து, குழாய்களில் நிறைந்துள்ள திரவத்தைத் தள்ளுகிறது. அவ்வழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. மாருதி 800 போன்ற சிறு கார்களில் பெரும்பாலும் முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் இருக்கும். முன்னே பேடுகள் டிஸ்க்கைக் கவ்வுகின்றன. பின்னே ஷூக்கள் விரிந்து டிரம்மை அழுத்துகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் 20 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தருகிறது எனக் கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது அவ்விசையை 5 மடங்காக்கினால் பிஸ்டன்மீது 100 கிலோ விழும். பிஸ்டனின் பரப்பு 4 சதுர செ.மீ. என்றால் திரவத்தில் சதுர செ.மீ.க்கு 25 கிலோ அழுத்தம் உண்டாகும். முன்சக்கரத்துப் பிஸ்டனின் பரப்பு 16 சதுர செ.மீ. என்றால் அங்கே கிடைக்கும் விசை 400 கிலோ. இருபது கிலோ நானூறாகிவிட்டது! திரவம் எளிதில் சுருங்காது என்பதாலேயே இது நடக்கிறது.

ஒரு தேக்கரண்டிக் காற்று

இனி, அக்குழாயில் 4 கன செ.மீ. காற்று புகுந்துவிட்டதாகக் கொள்வோம். அது ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. ஆனால் காற்று சுருங்கும் பொருள். பாயில் விதிப்படி, அழுத்தம் ஏறக்குறைய 26 மடங்காகும்போது அந்தக் காற்றின் கொள்ளளவு 0.15 கன செ.மீ. ஆகிவிடும். அதாவது, நாம் தள்ளிய திரவத்தில் ஏறத்தாழ 3.85 கன செ.மீ. சக்கரத்தை எட்டாமல் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. 4 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டன் இதற்காக ஏறக்குறைய 1 செ.மீ. கூடுதலாக நகர வேண்டும். நெம்புகோல் கணக்குப்படி பெடல் ஏறக்குறைய 5 செ.மீ. கூடுதலாக இறங்க வேண்டும். பெடல் தரையைத் தொடும்வரை செல்லும் தூரமே ஒரு சாண் இராது என்பதை எண்ணிப் பாருங்கள். காற்று இன்னும் சிறிது மிகுந்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும், வண்டியோ நிற்காது.

நீரும் வெப்பமும்

‘பிரேக் ஆயில்’ என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். உண்மையில் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது விதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்குகிறது. டாட் 4 வகைக்கு அவ்வரம்புகள் 230, 155.

இதன் விளைவு மலைப்பாதையில் தெரியும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆழியாற்றிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில் 40. இத்தகைய இறக்கங்களில் கீழ் கியரில் வராமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரங்களின் அருகே வெப்பம் ஏறும். நீர் கலந்த பழைய திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். வண்டி ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் பெடல் பழையபடி உறுதியாகத் தோன்றும். “சரியாகிவிட்டது” என்று நம்பிவிடலாகாது. அடுத்த இறக்கத்தில் அதே ஆபத்து காத்திருக்கும்.

நோய் எது என்று அறிதல்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் பெடலைச் சோதிக்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்கட்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்கட்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் முதல் மிதியே உண்மையைச் சொல்லும்.

1. பெடல் பஞ்சுபோல் அமுங்கி, நான்கைந்து முறை விட்டுவிட்டு மிதித்தபின் மேலே வந்தும் பஞ்சுத்தன்மை மாறாவிட்டால், காற்று புகுந்திருக்கலாம்.

2. அவ்வாறு மிதித்தபின் பெடல் மேலே வந்து உறுதியாகவும் நின்றால், பின்சக்கர ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்திருக்கலாம். அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

3. பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கையில் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ கசிவு உள்ளது. வெளியே கசிவு காணப்படாவிடில் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயுள்ள ரப்பர் வாஷர்கள் தேய்ந்திருக்கக்கூடும்.

4. ஒருவர் பெடலை மிதிக்கும்போது சக்கரத்தருகேயுள்ள ரப்பர் ஹோஸ் புடைப்பதை மற்றவர் கண்டால், அந்த ஹோஸ் பழுதாகிவிட்டது.

அடுத்து, திரவத் தொட்டியைப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் பேடுகள் தேய்ந்திருக்கலாம், அல்லது கசிவு இருக்கலாம். கருத்த திரவம் நெடுநாள் மாற்றப்படாதது. டயர்களின் உட்புறம், குழாய் இணைப்புகள், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடம் ஆகியவற்றில் ஈரக்கசிவு உண்டா என்று நோக்குங்கள்.

பழுது நீக்கும் முறை

தொட்டியில் மேலும் திரவம் ஊற்றினால் மட்டம் உயருமேயன்றிக் குழாயிலுள்ள காற்று வெளியேறாது. முதலில் கசிவை நீக்க வேண்டும். தேய்ந்த வாஷரையும் வெடித்த ஹோஸையும் மாற்ற வேண்டும். அதன் பின்னரே காற்றை வெளியேற்ற வேண்டும். பட்டறையில் இதனை ‘ஏர் எடுப்பது’ என்பார்கள்.

இதற்கு இருவர் தேவை. வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொதுவான வழக்கம். நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் அது பெரும்பாலும் இடப்பக்கப் பின்சக்கரமாகும். சில கார்களுக்கு வரிசை வேறுபடும். வண்டியின் கையேடு சொல்வதே சரி.

சக்கரத்தின் உட்புறமுள்ள நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது புதிய திரவமுள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொள்ள, வெளியே இருப்பவர் நிப்பிளைச் சிறிது தளர்த்த வேண்டும். குமிழிகளோடு திரவம் வெளிவரும். நிப்பிளை இறுக்கிய பிறகே “விடு” என்று சொல்ல வேண்டும். இறுக்குமுன் பெடலை விட்டால் காற்று மீண்டும் உள்ளே புகுந்துவிடும். குமிழி நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்து, பின் அடுத்த சக்கரத்திற்குச் செல்லலாம். இடையிடையே தொட்டியை நிரப்ப மறக்கலாகாது. அது வற்றினால் செய்த வேலையெல்லாம் வீண்.

தொட்டி மூடியில் குறித்துள்ள வகைத் திரவத்தையே, பிரிக்காத டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டும் கலக்கலாகாது. அது ரப்பர் வாஷர்களை ஊதச் செய்து கெடுத்துவிடும். வெளிவந்த திரவத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. பெயிண்டின் மேல் சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவுங்கள். பெரும்பாலான கார்களுக்கு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது நல்லது. ஏபிஎஸ் உள்ள கார்களில் காற்று எடுக்கச் சில வேளைகளில் தனிக்கருவி தேவைப்படும். அவற்றைப் பட்டறைக்கே அனுப்புங்கள். வேலை முடிந்ததும் பெடல் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்து, திறந்த வெளியில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே சாலைக்குச் செல்ல வேண்டும்.

ஓடும்போது பெடல் இறங்கிவிட்டால்?

பதற்றம் வேண்டாம். பெடலை விரைந்து விட்டுவிட்டு மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். அது கம்பியால் இயங்குவதால் திரவம் போனாலும் வேலை செய்யும். எஞ்சினை அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் பூஸ்டரின் உதவி நின்றுவிடும்.

இவையெல்லாம் ஆண்கள் அறிய வேண்டியவை என்று யாரேனும் சொல்லலாம். காரில் பயணம் செய்யும் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் உயிர் ஒன்றுதானே! பெற்றோர் பழைய கார் வாங்கச் செல்லும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். விற்பவர் பெடலை நான்கு முறை மிதித்துவிட்டு, “பாருங்கள், நன்றாகப் பிடிக்கிறது” என்று சொல்லக்கூடும். “ஐயா, முதல் மிதியை நாங்கள் மிதித்துப் பார்க்கலாமா?” என்று பணிவோடு கேளுங்கள். பலமுறை மிதித்தபின் பிடிப்பது நல்ல பிரேக் ஆகாது. முதல் மிதியிலேயே பிடிப்பதுதான் நம்பத்தக்க பிரேக்.