இரவைக் கடந்த கதிரொளி வானூர்தி

எரிநெய் ஒரு துளியும் இன்றி வானூர்தி பறக்கக் கூடுமோ என்னும் வினாவிற்குச் செயலால் விடை பகர்ந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டின் ஆந்த்ரே போர்ஷ்பெர்க். பொறியியல் பயின்றவர், அந்நாட்டு வான்படையில் விமானியாகப் பணியாற்றியவர். மனநல மருத்துவரும் பலூன் பயணியுமான பெர்ட்ராண்ட் பிக்கார்ட் கண்ட கனவிற்கு வடிவம் தந்த பெருமை இவருடையது.

'சோலார் இம்பல்ஸ் 2' என்னும் அவ்வூர்தியின் இறக்கை வீச்சு 72 மீட்டர். போயிங் 747-இன் இறக்கையினும் நீண்டது. எடையோ ஒரு பெரிய மகிழுந்தின் அளவே, 2,300 கிலோகிராம். 17,248 கதிரொளி மின்கலங்கள் பகலில் தரும் மின்சாரம் நான்கு மின்பொறிகளை இயக்கும்; எஞ்சியது 633 கிலோகிராம் எடையுள்ள சேமக்கலங்களில் நிறையும். ஞாயிறு மறைந்தபின் என் செய்வது? பொறியாளரின் நுண்ணறிவு ஈண்டுதான் வெளிப்படுகின்றது. பகலெல்லாம் ஊர்தி ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்திற்கு ஏறும். அந்தியில் மின்பொறிகளின் விசையைத் தணித்து மெல்ல மெல்ல இறங்கும். மேட்டில் தேக்கிய நீர் பள்ளம் நோக்கிப் பாய்ந்து ஆலையை இயக்குதல் போல, ஏறிய உயரமே இரவின் முற்பகுதிக்கு ஆற்றலாகும். சேமக்கல மின்சாரம் பிற்பகுதிக்கு மிஞ்சும். விடியுமுன் அது தீருமாயின் கடலே கதி.

2010 ஜூலையில் முதல் ஊர்தியில் 26 மணி நேரம் பறந்து இம்முறையை மெய்ப்பித்த போர்ஷ்பெர்க், 2015 ஜூன் இறுதியில் ஜப்பானின் நகோயாவிலிருந்து ஹவாய் நோக்கித் தனியே புறப்பட்டார். தொடக்கத்திலேயே எச்சரிக்கைக் கருவியொன்று பழுதுற்றது. தரையிலிருந்த பொறியாளர்கள் திரும்புமாறு அறிவுறுத்தினர். அவர் தொடர்ந்தார். இருபது நிமிடச் சிறுதுயில்களே ஓய்வு. 117 மணி 52 நிமிடத்தில் ஏறத்தாழ 8,900 கிலோமீட்டர் கடந்து இறங்கினார். வானூர்தியில் தனியொருவர் நிற்காது பறந்ததில், 2006-இல் ஸ்டீவ் ஃபாசெட் 76 மணி நேரத்திற்குச் சற்று மேலாகப் பறந்ததே அதுவரை மிகுதி.

ஆயினும் ஓர் இடர் நேர்ந்திருந்தது. உயர்வானின் கடுங்குளிரினின்று காக்கச் சேமக்கலங்களைச் சுற்றி அமைத்த காப்புறையே, முதல் நாள் ஏற்றத்தில் எழுந்த வெப்பத்தை வெளியேறவொட்டாது தடுத்தது. கலங்கள் கெட்டன. அவற்றை மாற்றிக் குளிரூட்டும் வழி அமைக்க 2016 ஏப்ரல் வரை ஊர்தி ஹவாயிலேயே தங்கிற்று. காப்பு மிகையானதே காரணம் என அக்குழுவினர் மறையாது உரைத்ததை, பறந்த தொலைவினும் பெரிதாக யாம் மதிக்கின்றோம். 2015 மார்ச்சில் அபுதாபியில் தொடங்கி, நம் நாட்டின் அகமதாபாத், வாரணாசி நகரங்கள் வழியாகவும் சென்ற அவ்வுலகவலம், 2016 ஜூலை 26-இல் அபுதாபியிலேயே நிறைவுற்றது.

ஒருவரைச் சுமந்த ஊர்தி நூற்றுவரைச் சுமக்குமோ எனக் கேட்பார் உளர். இவ்வழியில் இன்று இயலாது. இறக்கைப் பரப்பில் விழும் கதிரொளி அத்துணைச் சுமைக்குப் போதாது. சேமக்கலமும், எடைக்கு எடை நோக்கின், எரிநெய்யினும் பன்மடங்கு குறைந்த ஆற்றலே தரும். உலகவலத்திற்குப்பின் போர்ஷ்பெர்க் தோழர்களுடன் தொடங்கிய 'எச்55' நிறுவனம், சிறு மின் வானூர்திகளுக்கான சேமக்கலத் தொகுதிகளை உருவாக்கும் பணியை மேற்கொண்டது.