சோளக்காட்டிலிருந்து, மின்தடைக் கணக்குப் பழகுகிறவர்களுக்கு

1. சூத்திரத்துக்கு முன்னால் பென்சிலை எடு. எந்த இரண்டு முனைக்கு நடுவே தொகுபயன் மின்தடை கேட்கிறார்கள் என்று பார்த்து அவற்றுக்கு அ, ஆ என்று பெயர் வை. மின்தடை குறுக்கிடாமல் வெறும் கம்பியால் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் ஒரே எழுத்து. பிறகு எழுத்துகளை மட்டும் வைத்துப் படத்தைப் புதிதாக வரை. பாதிக் கணக்கு இங்கேயே முடிந்துவிடும்.

2. பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருப்பதாலேயே அது பக்க இணைப்பு ஆகிவிடாது. ஒவ்வொரு மின்தடையின் இரு முனையிலும் அதே இரண்டு எழுத்து இருக்க வேண்டும். காரவள்ளியிலிருந்து நம்மூருக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவும் தொடரிணைப்பு. ஒன்றிலிருந்தும் தப்ப முடியாது. மலைக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு ரோடும் இருக்கிறதே, அதுதான் பக்க இணைப்பு. அது எவ்வளவு சுற்றுப்பாதையாக இருந்தாலும் மொத்த நெரிசல் குறையத்தான் செய்யும்.

3. ஆகவே பக்க இணைப்பில் விடை, இருப்பதிலேயே சின்னதைவிடச் சின்னதாக வரும். 6 ஓமும் 3 ஓமும் சேர்ந்தால் 2. உனக்கு 4.5 வந்தால் சராசரி போட்டிருக்கிறாய். பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்கும் வழி இரண்டு மின்தடைக்குத்தான். மூன்றுக்கும் அதை நீட்டாத பையனை நான் இன்னும் பார்க்கவில்லை.

4. மின்தடைகளைச் சேர்த்துச் சேர்த்து ஒன்றாக மடிப்பதை அ, ஆ-வுக்குத் தூரமான கோடியிலிருந்து தொடங்கு.

5. நடுவில் பாலம் போல ஒன்று கிடந்தால் விகிதம் பார். மேலே 2, 4; கீழே 3, 6 என்றால் பாலத்தில் மின்னோட்டமே இல்லை, கழற்றி எறி. இதை 1833-லேயே சொன்னவர் கிறிஸ்டி. 1843-ல் பரப்பிய வீட்ஸ்டனுக்குப் பெயர் போய்விட்டது. விகிதம் சரிவராவிட்டால் முக்கோணத்தை நட்சத்திரமாக மாற்ற வேண்டும். அது அடுத்த வருஷப் பாடு.

6. ஓம் மீட்டர் வைக்கும்போது சப்ளையை நிறுத்து, அளக்கும் மின்தடையின் ஒரு காலையாவது கழற்று. இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்துதான் முள்ளில் தெரியும்.

7. படத்தில் வராத மின்தடையையும் கூட்டு. ஒரு மிளகுத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் உறுமும், சுற்றாது. மீட்டர் பெட்டியிலிருந்து 100 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி. முக்கால் ஓம்தானே என்று விட்டுவிட்டு இரண்டு தரம் கெப்பாசிட்டர் மாற்றினேன். மின்சாரம் திரும்பி வரவும் ஒரு கம்பி வேண்டுமே! போக வர 200 மீட்டர், ஒன்றரை ஓம். 10 ஆம்பியருக்கே 15 வோல்ட் வழியில் போய்விடும். கிளம்பும்போது மோட்டார் இழுப்பதோ பல மடங்கு. கூடவே இன்னொரு ஜோடிக் கம்பி ஓட்டினேன், அன்று சாயங்காலமே தண்ணீர் ஏறியது.