செய்து பார்க்கும் கல்வி

காதால் கேட்பதும் கல்வி. கண்ணால் படிப்பதும் கல்வி. கையால் செய்து பார்ப்பதும் கல்வியே. இதனை மறுப்பவர் நம்மில் எவரும் இலர். ஆயினும், நம் பிள்ளைகளின் ஒரு வாரம் எவ்வாறு கழிகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். காலையில் பள்ளிக்கூடம், பிற்பகலில் டியூஷன், மாலையில் மதரஸா, இரவில் வீட்டுப்பாடம். இவற்றுள் வேண்டாதது என்று எதனையும் தள்ள நாம் துணியோம். ஆனால், ஒரு பொருளைத் தானே செய்து, அது சரியாக அமையாமற் போக, ஏன் அமையவில்லை என்று யோசித்து, மறுபடியும் செய்து பார்க்கும் நேரம் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கிறது?

‘ஒளி நேர்கோட்டில் செல்லும்’ என்று ஒரு மாணவன் எழுதுகிறான்; மதிப்பெண்ணும் பெறுகிறான். ‘அப்படியானால், சிறு துளை வழியாகச் சுவரில் விழும் உருவம் எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் விழிக்கிறான். வாக்கியம் அவனிடம் இருக்கிறது. பொருள் இன்னும் அவனிடம் வந்து சேரவில்லை. இக்குறையைப் போக்கும் வழியை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஒரு டின்னும் இரு மெழுகுவர்த்தியும்

முதலில் ஒரு சோதனை. வீட்டில் காலியான மைலோ டின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பாகத்தின் நடுவே மெல்லிய ஆணியால் ஒரு சிறு துளை இடவேண்டும். இதனைப் பெரியவர் ஒருவர் செய்வது நலம். திறந்த வாயின்மீது, எண்ணெய் தடவித் துடைத்த மெல்லிய வெள்ளைத் தாளை விரித்து, ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டவேண்டும். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, எரியும் மெழுகுவர்த்தியின் எதிரே துளையைக் காட்டினால், தாளின்மீது சுடரின் உருவம் தெரியும், தலைகீழாகத் தெரியும்!

காரணம் எளிது. சுடரின் நுனியிலிருந்து வரும் ஒளி துளையின் வழியே நேராகச் சென்று தாளின் கீழ்ப்பகுதியில் விழுகிறது. சுடரின் அடியிலிருந்து வருவது மேற்பகுதியில் விழுகிறது. ஒளி நேர்கோட்டில் செல்வதால்தான் உருவம் கவிழ்கிறது.

இதில் கணக்கும் உண்டு. டின்னின் நீளம் 15 சென்டிமீட்டர், சுடரின் உயரம் 3 சென்டிமீட்டர், சுடருக்கும் துளைக்கும் இடைத்தூரம் 45 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 15 என்பது 45-இல் மூன்றிலொரு பங்கு. ஆகவே உருவத்தின் உயரம் 1 சென்டிமீட்டர். டின்னை 30 சென்டிமீட்டர் தூரத்திற்கு நகர்த்தினால் உருவம் ஒன்றரை சென்டிமீட்டர் ஆகும். விகிதம் என்னும் பாடத்தைப் பிள்ளை அளவுகோலால் அளந்தே கண்டுகொள்வான்.

அடுத்து, இரு மெழுகுவர்த்திகளைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் அருகருகே வைப்போம். தாளில் இரு சுடர்கள் தெரியும். இடப்பக்கச் சுடரை ஓர் அட்டையால் மறைத்தால் தாளில் எந்தச் சுடர் மறையும்? பிள்ளைகளை முதலில் சொல்லச் சொல்வோம். ‘இடப்பக்கம்’ என்பார் சிலர். ‘வலப்பக்கம்’ என்பார் சிலர். பிறகு மறைத்துப் பார்க்கட்டும். வலப்பக்க உருவமே மறையும். தவறாகச் சொன்ன பிள்ளை, ‘எப்படி?’ என்று கேட்கும் அந்த நொடியில்தான் கல்வி பிறக்கிறது.

இச்சோதனையின் மூலம் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. பஸ்ரா நகரில் ஏறத்தாழ 965-இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னு அல்-ஹைதம், பல விளக்குகளை ஒரு துளையின் எதிரே வைத்து, ஒன்றை மறைத்தால் அதன் ஒளி மட்டுமே மறைவதையும், திறந்தால் அது மீண்டும் தோன்றுவதையும் தம் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் விளக்கியுள்ளார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் காண்கிறோம் என்று முன்னோர் பலர் கருதியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி பிறக்கிறது என்று அவர் நிறுவினார். அந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்கும் பாடமாயிற்று. ஐக்கிய நாடுகள் சபை 2015-ஆம் ஆண்டை ஒளிக்குரிய சர்வதேச ஆண்டாக அறிவித்தபோது, உலகெங்கும் அவரை நினைவுகூர்ந்தனர். அம்மேதையின் பெயரை நம் பிள்ளைகள் அறிந்தால் மட்டும் போதாது. அவர் செய்ததைத் தாமும் செய்து பார்க்க வேண்டும்.

கவராயமும் வண்ணமும்

விஞ்ஞானம் வேறு, கலை வேறு என்று பிள்ளைகளிடம் நாம் பிரித்துப் பேச வேண்டியதில்லை. கவராயத்தால் ஒரு வட்டம் வரையட்டும். கவராயத்தின் அகலத்தை மாற்றாமல், வட்டத்தின்மீது ஒரு புள்ளியில் தொடங்கி அடுத்தடுத்துக் குறித்துக்கொண்டே வரட்டும். ஆறாவது அடியில் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரும். ஏன் ஆறு? மையத்தோடு அப்புள்ளிகளைச் சேர்த்தால் ஆறு சமபக்க முக்கோணங்கள் அமைகின்றன. ஒவ்வொன்றும் மையத்தில் 60 பாகை. ஆறும் சேர்ந்து 360 பாகை.

புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோட்டால் இணைத்தால் ஆறுமுனை நட்சத்திரம் வரும். அதனைப் பக்கம் பக்கமாகப் பெருக்கி வண்ணம் தீட்டினால், பள்ளிவாசல்களின் சாளரங்களிலும் ஸ்பெயின் நாட்டு அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களிலும் நாம் வியந்து காணும் கோலங்களின் அடிப்படை பிள்ளைக்குப் புரிந்துவிடும். இடையில் கவராயம் சிறிது அசைந்தாலும் கடைசிப் புள்ளி பொருந்தாது. ‘தவறு’ என்று வாப்பாவோ உம்மாவோ சொல்ல வேண்டியதில்லை, வட்டமே சொல்லிவிடும்!

பணம் பெருந்தடையன்று

‘இதற்கெல்லாம் பெரிய நிலையங்கள் இருக்கின்றனவே’ எனலாம். உண்மையே. சிங்கப்பூர் ஜூரோங்கில் 1977-இல் அறிவியல் நிலையம் திறக்கப்பட்டது. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் 1999-இல் பெட்ரோசைன்ஸ் திறக்கப்பட்டது. பிள்ளைகளை அங்கெல்லாம் அவசியம் அழைத்துச் செல்வோம். ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் பார்த்துவிட்டு வருவதோடு கடமை தீர்ந்துவிடாது. கட்டணம் செலுத்தி வகுப்புகளில் சேர்க்க இயலாத குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அப்பிள்ளைகளுக்கு வாசல் அடைபட்டுவிடலாகாது.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியியலாளர் அரவிந்த் குப்தா, 1970-களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் வட்டாரக் கிராமப் பள்ளிகளின் விஞ்ஞானப் பணியில் ஈடுபட்டார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ரப்பர்க் குழாய்த் துண்டுகளையும் கொண்டு வடிவங்கள் செய்யக் கற்பித்தார். மூன்று குச்சிகளைக் கோத்த முக்கோணம் அசையாது நிற்கும். நான்கு குச்சிகளைக் கோத்த சதுரம் விரலால் தொட்டாலே சாயும். அதன் குறுக்கே ஒரு குச்சியைச் சேர்த்தால் உறுதிப்படும். கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளில் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் அதுவே. தூக்கி எறியும் பொருள்களால் விஞ்ஞானம் கற்பித்த இவருக்கு இந்திய அரசு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மைக்கேல் ஃபாரடே கொல்லன் வீட்டுப் பிள்ளை. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் தொழிலுக்குச் சென்றவர். தாம் கட்டிய புத்தகங்களைப் படித்து, தம் சொற்பப் பணத்தில் இயன்ற சோதனைகளைச் செய்து பார்த்தே விஞ்ஞானியானார். பிற்காலத்தில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக ஒரேயொரு மெழுகுவர்த்தியைப் பொருளாகக் கொண்டு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். 1861-இல் அவை நூலாகவும் வெளிவந்தன.

பெரியவர்களின் கடமை

இத்தகைய வகுப்பில் பெரியவர் கைக்கொள்ள வேண்டிய முறை மூன்று கேள்விகளில் அடங்கும்: என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? என்ன நடந்தது? ஏன் அப்படி? முதற்கேள்விக்குப் பிள்ளை விடை சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். விடையை நாமே சொல்லிவிட்டால், சோதனை வெறும் வேடிக்கையாகிவிடும். பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி நாமே அழகாக வெட்டிக் கொடுப்பதும் அத்தகையதே. கோணலாக வந்தாலும் அது அவன் செய்ததாக இருக்கட்டும்.

பெண்பிள்ளைகளுக்கு வண்ணத்தூரிகை, ஆண்பிள்ளைகளுக்குச் சுத்தியல் என்று பிரிக்கும் வழக்கத்தையும் விட்டொழிப்போம். இருவர் கையிலும் இரண்டும் இருக்கட்டும். சுடரருகே எப்போதும் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். டின்னின் விளிம்பை நாடாவால் மூடிவிட வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது என்று முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு மண்டபம், இரண்டு மணி நேரம், பத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையுள்ள பெரியவர் இருவர்: இவ்வளவே முதலீடு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், தொழிற்கூடங்களில் பணிபுரிவோரும், தையலும் சித்திரமும் அறிந்த தாய்மார்களும் நம் சங்கங்களில் இருக்கின்றனர். அவர்கள் அறிந்தது பிள்ளைகளின் கைக்கு வந்துசேர வேண்டும். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் இதனைத் தொடங்குவோம். அதுவரை, வீட்டில் காலியாகும் டின்களை எறியாமல் எடுத்து வைப்போம்.