எருக்கிலையின் அடியில்

திருவண்ணாமலையில் கிரிவலம் வந்திருக்கிறீர்களா? ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள அப்பாதையை ஒட்டிய தரிசுகளில் எருக்கஞ்செடிகள் செழித்திருப்பதைக் காணலாம். மாடுகள்கூட அவற்றை ஒதுக்கிவிடும். ஆனால் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள்: கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று இணைக் கரிய இழைகளும் கொண்ட புழுவொன்று அங்கு மேய்ந்துகொண்டிருக்கலாம். அதுதான் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்பருவம்.

தாய்ப்பூச்சி முட்டைகளைத் தனித்தனியாக இடும். சில நாள்களில் வெளிவரும் புழுவுக்கு முதல் உணவு முட்டையோடுதான். அடுத்தது இலை; அதில்தான் சிக்கல். எருக்கம்பால் நுண்குழாய்களில் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. கடித்தவுடன் பீறிட்டு, சிறு புழுவின் வாயை ஒட்டிவிடும். எனவே புழு முதலில் இலை நரம்பைக் கடித்து வெட்டுகிறது. பால் வடிகிறது, வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதியில் அழுத்தம் குறைகிறது. பிறகு அப்பகுதியை நிதானமாகத் தின்கிறது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது!

எருக்கிலுள்ள நச்சில் ஒரு பகுதியைப் புழு தன் உடலில் சேமித்துக்கொள்கிறது. வளர்ந்த பூச்சியைத் தின்னும் பறவை குமட்டி உமிழ்ந்துவிட்டு, அதன் செம்மஞ்சள் நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். இதனால் நன்மை பெறும் வேறோர் இனமும் உண்டு. டானெய்டு எக்ஃப்ளை என்னும் அந்த இனத்தின் பெண்பூச்சி, நச்சில்லாவிட்டாலும் வெந்தய வரியனைப் போலவே தோற்றமளிக்கிறது. ஆண்பூச்சியோ கருநிறத்தில் வெண்புள்ளிகளுடன் இருக்கும்.

வளர்ந்த பூச்சி பலவகை மலர்களில் தேன் பருகும். புழுவுக்கோ எருக்கும் அதன் உறவுச் செடிகளும் மட்டுமே உணவு. பயனற்ற புதரென்று சாலையோரத்தைச் சுத்தம் செய்யும்போதும், கோடையில் சரிவுப் புல்லில் தீப்பற்றும்போதும் முட்டையும் புழுவும் செடியோடு அழிகின்றன. அவற்றால் பறந்து தப்ப இயலாது. விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிப்பவர்களும் இலையின் அடியை ஒருமுறை பார்த்துவிடலாம்.

உங்கள் தெருவில் ஓர் எருக்கஞ்செடியைத் தேர்ந்தெடுத்து நாள்தோறும் பார்த்துக் குறித்து வாருங்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து, இலையைக் கிள்ளாதீர்கள். புழு நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். மேலும் ஒரு வாரம் அல்லது பத்து நாள் கழித்துக் கூட்டின் வழியே செம்மஞ்சள் இறகு தெரியத் தொடங்கும். மறுநாள் காலை, பள்ளிக்குப் புறப்படுமுன், தவறாமல் போய்ப் பாருங்கள்.